பதினெட்டு வயதும் 1.96 மீட்டரும்

2002-ஆம் ஆண்டு ஜூலை மாதம். ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனில் உலக இளையோர் தடகளப் போட்டிகள் நடைபெற்றன. அந்த ஆண்டு முடிவதற்குள் 20 வயதை எட்டாதவர்களே இவற்றில் கலந்துகொள்ளலாம். 15 வயதே ஆகியிருந்த உசேன் போல்ட், தம் நாட்டு மக்களின் முன் 200 மீட்டர் ஓட்டத்தில் வென்றது இந்தப் போட்டிகளில்தான். அதே அரங்கில், பெண்களுக்கான உயரம் தாண்டுதலில், குரோஷியா நாட்டின் பிளாங்கா விளாஷிச் 1.96 மீட்டர் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 18. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2000-இல், சிலி நாட்டின் சாந்தியாகோவில் நடந்த இளையோர் போட்டியிலும் 1.91 மீட்டர் தாண்டி இவரே வென்றிருந்தார். அன்று வயது 16.

1.96 மீட்டர் என்பது எவ்வளவு உயரம்? அடிக் கணக்கில் 6 அடி 5 அங்குலம். பல வீடுகளின் வாசற்கதவு ஏறத்தாழ இவ்வளவுதான் இருக்கும். அந்தக் கதவின் மேல்விளிம்பு உயரத்தில் ஒரு கம்பைக் கிடத்தி வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கையில் கோல் எதுவும் இல்லாமல் ஓடிவந்து, ஒரே காலால் தரையை உந்தி எழுந்து, கம்பைத் தள்ளிவிடாமல் அப்பால் போய் விழவேண்டும். இரு கால்களாலும் உந்தினால் ஆட்டவிதி ஒப்புக்கொள்ளாது.

இது எப்படி முடிகிறது? வயது வந்தவர்களுக்கே அரிதான இந்த உயரத்தைப் பதினாறிலும் பதினெட்டிலும் உள்ள பெண்கள் எட்டுவது எப்படி? வளரும் உடல் இதற்கு ஏதேனும் விலை கொடுக்கிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்போம்.

உண்மையில் எழும்புவது எவ்வளவு?

கம்பு 1.90 மீட்டரில் இருந்தால், தாண்டுபவர் 1.90 மீட்டர் எழும்புகிறார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். இது சரியன்று. ஒரு பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொண்டால், அப்புள்ளியை ஈர்ப்பு மையம் என்கிறோம். நிமிர்ந்து நிற்கும் ஒருவருக்கு இது தொப்புளுக்குச் சற்றுக் கீழே, உடலுக்குள் இருக்கும். தாண்டுபவர் உயர்த்தவேண்டியது இந்த மையத்தைத்தான். அது தரையிலிருந்து கிளம்புவதில்லை. ஏற்கெனவே இடுப்பளவு உயரத்தில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். ஒரு பெண்ணின் உயரம் 1.80 மீட்டர், எடை 60 கிலோகிராம் என்க. அவர் நிமிர்ந்து நிற்கையில் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கும். தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் அவர் நுனிக்காலில் நிற்கிறார். கைகள் மேலே வீசப்பட்டுள்ளன. மற்றக் காலின் முழங்கால் மேலே தூக்கப்பட்டுள்ளது. இதனால் மையம் ஏறத்தாழ 1.25 மீட்டருக்கு வந்துவிடுகிறது. இன்னும் அவர் தரையைவிட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1.90 மீட்டர்க் கம்பை இடரின்றித் தாண்ட, மையம் 1.95 மீட்டர் வரை செல்வதாகக் கொள்வோம். அப்படியானால் அவர் எழும்பவேண்டியது 70 சென்டிமீட்டர் மட்டுமே. உயரமானவர்கள் இந்த ஆட்டத்தில் சிறந்து விளங்குவதன் முதற்காரணம் இதுவே. 10 சென்டிமீட்டர் கூடுதல் உயரமுள்ளவருக்கு, கிளம்பும் இடத்திலேயே ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் ஆதாயம் கிடைத்துவிடுகிறது. விளாஷிச்சின் உயரம் 1.93 மீட்டர்.

கைவீச்சின் பயனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுவரோரம் நின்று, ஒரு கையில் சுண்ணக்கட்டியைப் பிடித்து, அக்கையைத் தலைக்கு மேல் நீட்டியபடியே எம்பிக் குதித்து ஒரு கோடு போடுங்கள். பிறகு இரு கைகளையும் கீழிருந்து வேகமாக வீசி எம்பிக் குதித்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டாவது கோடு சில சென்டிமீட்டர் மேலே இருக்கும். மேல்நோக்கி வீசப்படும் கை, கால்களைத் தரையோடு இன்னும் அழுத்துகிறது. தரை அந்த அளவுக்கு உடலை மேலே தள்ளுகிறது.

ஏழில் ஒரு பங்கு நொடி

70 சென்டிமீட்டர் எழும்ப என்ன வேகம் வேண்டும்? மேலே எறியப்பட்ட பந்துக்கான கணக்கே இதற்கும் பொருந்தும். நொடிக்கு 3.7 மீட்டர் வேகத்தில் மேல்நோக்கிக் கிளம்பவேண்டும். இந்த வேகத்தை எங்கிருந்து பெறுவது?

அதற்காகத்தான் ஓடிவருகிறார்கள். சிறந்த வீராங்கனைகள் நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தில் வருகிறார்கள். 60 கிலோகிராம் எடையுள்ள உடலுக்கு அவ்வேகத்தில் 1,470 ஜூல் இயக்க ஆற்றல் உண்டு. 70 சென்டிமீட்டர் எழும்பத் தேவைப்படுவதோ 412 ஜூல்தான். ஆற்றலுக்குக் குறைவில்லை, அது கிடைமட்டமாக இருப்பதுதான் சிக்கல். முன்னே செல்லும் ஓட்டத்தை மேலே செல்லும் எழுச்சியாகத் திருப்பவேண்டும். வேகமாக உருண்டு வரும் மிதிவண்டிச் சக்கரம் ஒரு கல்லில் மோதினால் எகிறிக் குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாண்டுபவர் தம் உந்துகாலை உடலுக்கு முன்னே நீட்டி, அதிகம் மடங்கவிடாமல் ஊன்றுகிறார். ஓடிவந்த உடல் அந்தக் காலை அச்சாகக் கொண்டு மேலே எழுகிறது. ஓட்ட வேகத்தில் ஒரு பகுதி எழுச்சியாக மாறுகிறது. ஒரு பகுதி அவரைக் கம்புக்கு அப்பால் கொண்டு செல்ல மிஞ்சுகிறது. எஞ்சியது தசைகளிலும் தரையிலும் வெப்பமாகக் கழிகிறது.

இத்தனையும் நடப்பதற்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 0.15 நொடி. அதாவது, ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் மேல்நோக்கிய வேகம் சுழியிலிருந்து 3.7 மீட்டருக்கு ஏறவேண்டுமானால், கால் தாங்கவேண்டிய சராசரி விசை உடல் எடையைப் போல் மூன்றரை மடங்கு. நம் எடுத்துக்காட்டிலுள்ள பெண்ணுக்கு இது 210 கிலோகிராம் எடைக்குச் சமம். நான்கு சிமெண்டு மூட்டைகளின் கனம் ஒரே கணுக்காலில் இறங்குகிறது. இது சராசரிதான். கால் ஊன்றும் கணத்தில் விசை இதைவிட வெகுவாக மிகுந்திருக்கும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

வளைந்து ஓடுவது ஏன்?

உயரம் தாண்டுபவர் முதலில் நேராக ஓடிவந்து, கடைசி நான்கைந்து அடிகளை ஒரு வட்டத்தின் வில்லைப் போல வளைத்து வைக்கிறார். மிதிவண்டியில் வளைவில் திரும்பும்போது உட்புறமாகச் சாய்கிறோம் அல்லவா? அதுபோலவே இவரும் வளைவின் உட்புறம், அதாவது கம்புக்கு எதிர்ப்புறமாகச் சாய்கிறார். 9 மீட்டர் ஆரமுள்ள வளைவில் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் ஏறத்தாழ 29 பாகை சாயவேண்டியிருக்கும்.

இந்தச் சாய்வால் இரு நன்மைகள். முதலாவது, முழங்காலை அதிகம் மடக்காமலே ஈர்ப்பு மையம் தாழ்ந்துவிடுகிறது. தாழ்விலிருந்து தொடங்கினால், தரையை உந்துவதற்கு நீண்ட தூரம் கிடைக்கும். இரண்டாவது, உந்தும் கணத்தில் வளைவை விட்டு வெளியேறும்போது சாய்ந்த உடல் நிமிர்கிறது. நிமிரும் வேகத்திலேயே கம்பை நோக்கிச் சுழலவும் தொடங்குகிறது. இந்தச் சுழற்சிதான் காற்றில் அவரை மல்லாந்த நிலைக்குக் கொண்டுவருகிறது. தரையை விட்ட பிறகு புதிதாகச் சுழற்சியைப் பெற வழியில்லை. மையம் செல்லும் பாதையையும் மாற்ற முடியாது. எல்லாம் தரையிலேயே முடிவாகிவிடுகின்றன.

வளையல் சொல்லும் பாடம்

பாதையை மாற்ற முடியாது என்றால், காற்றில் உடலை வளைப்பதால் என்ன பயன்? ஒரு வளையலை எடுத்துப் பாருங்கள். அதன் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கிறது? நடுவிலுள்ள வெற்றிடத்தில். கதிர் அரிவாளின் மையமும் இரும்பில் இல்லை. அதன் வளைவுக்கு உட்பட்ட வெளியில் இருக்கிறது. வளைந்த பொருளின் மையம் பொருளுக்கு வெளியே விழக்கூடும்.

மல்லாந்து, முதுகை வில்லாக வளைத்துக் கம்பைத் தாண்டுபவரின் உடலும் இப்படித்தான். தலையும் தோள்களும் கம்பின் ஒரு புறத்தில் தாழ்ந்திருக்க, கால்கள் மறுபுறம் தொங்க, இடுப்பு மட்டும் உச்சியில் இருக்கிறது. அந்நிலையில் ஈர்ப்பு மையம் முதுகுக்கு வெளியே, கீழ்ப்புறமாக வந்துவிடலாம். முதுகு கம்புக்கு மேலே செல்ல, மையம் கம்பின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ செல்வதும் இயலும். முதலில் தலை, பிறகு தோள், முதுகு, இடுப்பு, கடைசியாகக் கால்கள் என ஒவ்வொரு பகுதியும் தன் முறை வரும்போது மட்டும் உயர்ந்திருந்தால் போதும். இடுப்பு கடந்ததும் அவர் அதைத் தாழ்த்துகிறார். எதிர்விளைவாகக் கால்கள் மேலே எழுந்து கம்பைக் கடக்கின்றன.

1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டிக் ஃபாஸ்பரி இம்முறையில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அவர் பெயராலேயே இது வழங்குகிறது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கனடா நாட்டுச் சிறுமி டெபி பிரில்லும் அவரைப் பார்க்காமலே இத்தகைய முறையைக் கண்டறிந்தார். இருவருக்கும் துணையாக வந்தது தடித்த நுரை மெத்தை. முன்பு மணலிலும் மரத்தூளிலும் விழவேண்டியிருந்தது. அங்கே முதுகும் கழுத்தும் முதலில் தரையைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் ஒலிம்பிக்கில் முதன்முதலாக உயரம் தாண்டியது 1928-இல், ஆம்ஸ்டர்டாமில். அன்று கனடாவின் எத்தல் காதர்வுட் 1.59 மீட்டரில் தங்கம் வென்றார். எனினும் எல்லாப் புகழையும் புதிய முறைக்கே அளித்துவிடக் கூடாது. 1977-இல் 2 மீட்டரை முதலில் தாண்டிய பெண்ணான கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மாரி ஆக்கர்மான், வயிறு கம்பை நோக்கியிருக்கக் குப்புறத் தாண்டும் பழைய முறையிலேயே அதைச் சாதித்தார்.

பதினாறு வயதின் ஆதாயம்

இனி இரண்டாவது வினா. குண்டு எறிதலிலோ நெடுந்தொலைவு ஓட்டத்திலோ 16 வயதுப் பெண் உலகின் தலைசிறந்தவர்களோடு போட்டியிடுவது மிக அரிது. உயரம் தாண்டுதலில் அது நடந்திருக்கிறது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் மேற்கு ஜெர்மனியின் உல்ரிக்கே மைஃபார்ட் 1.92 மீட்டர் தாண்டி, அன்றைய உலக சாதனையைச் சமன் செய்து தங்கம் வென்றபோது அவருக்கு வயது 16. இளையோர் போட்டிகளிலும் இதற்குச் சான்று உண்டு. 1988-இல் கனடாவின் சட்பரியில் ருமேனியாவின் அலினா அஸ்தாஃபேய் தம் 19-ஆம் வயதில் 2 மீட்டர் தாண்டினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே அப்போட்டிகளின் சாதனையாக நின்றது.

காரணம் நாம் போட்ட கணக்கிலேயே உள்ளது. எழும்பும் உயரம், கிளம்பும் வேகத்தை மட்டுமே பொறுத்தது. எடை அதில் நேரடியாக வருவதில்லை. எனவே உடலின் மொத்த வலிமையைவிட, ஒரு கிலோகிராம் எடைக்கு எவ்வளவு விசை என்பதே முதன்மையாகிறது. பெண்களின் வளர்ச்சி வேகம் ஏறத்தாழ 12 வயதில் உச்சத்தை அடைகிறது. 15, 16 வயதில் பெரும்பாலோர் தம் முழு உயரத்தை நெருங்கிவிடுகிறார்கள். ஆண்களுக்கு இது சில ஆண்டுகள் பிந்தியே நிகழ்கிறது. கால்கள் நீண்டுவிட்டன, உடல் இன்னும் இலேசாக இருக்கிறது, விரைந்து சுருங்கும் தசைகள் தயாராக உள்ளன. இம்மூன்றும் கூடும் காலம் அது.

எலும்புக்கும் ஒரு கணக்கு உண்டு

இந்த ஆதாயத்தின் மறுபக்கம்தான் மூன்றாவது வினா. வளரும் எலும்பின் முனைகளுக்கு அருகில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். முற்றிய எலும்பைவிட அது மென்மையானது. தசைநாண் எலும்போடு சேரும் இடங்களும் அந்த வயதில் முழு உறுதி பெற்றிருப்பதில்லை. வளரும் வயதில் ஓடியாடும் பலருக்கு முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலியும் வீக்கமும் தோன்றுவது இதனால்தான்.

இப்போது அந்த நான்கு சிமெண்டு மூட்டைகளை நினைத்துப் பாருங்கள். ஒரு தாண்டலில் ஒரு முறை. நாளொன்றுக்கு நாற்பது முறை முழு வேகத்தில் ஓடிவந்து தாண்டச் சொன்னால் நாற்பது முறை, அதே காலில், அதே கணுக்காலில். எலும்பும் தசைநாணும் சுமையால் வலுப்பெறுவன என்பது உண்மை. ஆனால் அந்த வலுவைக் கட்டிக்கொள்ள ஓய்வு வேண்டும். ஓய்வில்லாமல் சுமை மட்டும் ஏறினால் நுண்ணிய விரிசல்கள் தோன்றி, பெருகி, முறிவாகவும் முடியலாம். ஆகவே தேர்ந்த பயிற்சியாளர்கள் முழு ஓட்டத் தாண்டல்களை எண்ணி எண்ணித்தான் செலவிடுகிறார்கள். மற்ற நேரங்களில் குறுகிய ஓட்டம், வளைவில் ஓடிப் பழகுதல், உடல் வலுப் பயிற்சி ஆகியவை நடைபெறும். வலியைப் பொறுத்துக்கொண்டு தாண்டுவதை வீரமென்று பாராட்டுவது பெருந்தவறு.

இன்னொரு தீங்கும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. இலேசான உடல் நன்மை தரும் என்று கேட்டதும், சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். குறைக்கச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பயிற்சிக்கு ஏற்ற உணவு இல்லாவிட்டால் உடல் சிக்கனத்தில் இறங்குகிறது. மாதவிலக்கு ஒழுங்கு தவறலாம், நின்றும் போகலாம். அதோடு ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர் குறைகிறது. எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதி பதின்வயதில்தான் நடக்கிறது. அந்த வயதில் இழந்ததைப் பின்னர் முழுமையாக மீட்பது கடினம். நம் கணக்கு கேட்டது கிலோகிராமுக்கு இவ்வளவு விசை என்பதை. பட்டினியால் எடை குறையும்போது விசை தரும் தசையும் சேர்ந்தே கரைகிறது. எனவே கணக்கின்படி பார்த்தாலும் இது இழப்பே. மாதவிலக்கு நின்றுபோனால் அதைப் பயிற்சியின் அடையாளம் என்று விட்டுவிடாமல் மருத்துவரைக் காண்பது அவசியம்.

தவறுவதில் முடியும் போட்டி

உயரம் தாண்டுதலின் விதி சற்று விந்தையானது. தொடர்ந்து மூன்று முறை தவறுபவர் விலகவேண்டும். எல்லோரும் விலகிய பின்னும் வென்றவர் தொடர்ந்து தாண்டலாம்; வழக்கமாக அவரும் தவறும் வரை கம்பு உயர்ந்துகொண்டே போகும். இருவர் ஒரே உயரத்தில் நின்றால், அந்த உயரத்தைக் குறைந்த முயற்சிகளில் தாண்டியவரே முந்துவார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விளாஷிச்சும் பெல்ஜியத்தின் டியா ஹெல்லபாவும் 2.05 மீட்டர் தாண்டினர். ஹெல்லபா முதல் முயற்சியிலும், விளாஷிச் இரண்டாம் முயற்சியிலும் தாண்டியதால், தங்கம் பெல்ஜியத்துக்குச் சென்றது.

கிங்ஸ்டனில் 1.96 தாண்டிய பெண்ணின் பிற்கால வாழ்வு நேர்கோடாக ஏறவில்லை. 2004-இல் தைராய்டு சுரப்பி மிகையாக இயங்கும் நோய் அவரைத் தளர்த்தியது. ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 11-ஆம் இடம்தான் கிடைத்தது. பின்னர் 2007-இலும் 2009-இலும் உலகப் பட்டம் வென்றார். 2009-இல் சாக்ரெப் நகரில் 2.08 மீட்டர் தாண்டினார். கணுக்காலில் அறுவை செய்துகொண்டதால் 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் பங்கேற்க முடியவில்லை. 2016-இல் ரியோவில், 32 வயதில், வெண்கலம் பெற்றார். மைஃபார்ட்டும் அப்படியே. 16 வயதில் உச்சியைத் தொட்டவர், 1976-இல் இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. 1984-இல், 28 வயதில், 2.02 மீட்டர் தாண்டி மீண்டும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

உக்ரைனின் யாரோஸ்லாவா மஹூச்சிக்கைப் பாருங்கள். 2017-இல் நைரோபியில் நடந்த 18 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியில் 1.92 மீட்டரில் வென்றார். 2019-இல், 18 வயதில், தோஹாவில் பெரியவர்களோடு மோதி 2.04 மீட்டர் தாண்டி, இளையோருக்கான உலக சாதனை படைத்தார். 2024 ஜூலையில் பாரிசில் 2.10 மீட்டர் தாண்டி, பல்கேரியாவின் ஸ்தெஃப்கா கொஸ்தாதினோவா 1987-இல் நிறுவிய 2.09 மீட்டர் சாதனையைக் கடந்தார். 1.92-இலிருந்து 2.10 வரை 18 சென்டிமீட்டர். அதற்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

ஆகவே இளையோர் போட்டியில் கம்பு நிற்கும் உயரத்தை மட்டும் பார்த்து ஒரு பெண்ணை அளந்துவிடக் கூடாது. அவள் அடுத்த பத்து ஆண்டுகளும் வலியில்லாமல் ஓடிவந்து உந்தக்கூடிய காலோடு இருக்கிறாளா என்பதே பயிற்சியாளரும் பெற்றோரும் கேட்கவேண்டிய கேள்வி. கம்பை அடுத்த ஆண்டும் உயர்த்திக்கொள்ளலாம். எலும்பு முற்றும் பருவம் ஒரு முறைதான் வரும்.